தண்ணி ஏன் இந்தத் தெருவுல நிக்குது? காரணம் சொல்லும் வெள்ளக் கணிப்பைக் கட்டுவது எப்படி: வேலூரிலிருந்து ஒரு வழிகாட்டி

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டுவிட்டு நம்மிடம் வருகிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகத்தான் கிடக்கும். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியபோது பார்க்க ஊரே பாலத்தில் திரண்டது. ஆனால் அந்தப் பருவத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து தவித்தவர்களில் பலர் ஆற்றங்கரைவாசிகள் இல்லை. கன்சால்பேட்டை, இந்திரா நகர், கொணவட்டம் என்று ஊருக்குள் இருப்பவர்கள். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலிலும் தண்ணீர் ஏறி நின்றது. மலையிலிருந்து இறங்கும் கானாறு, நிரம்பி வழியும் ஏரி, அடைத்துக்கொண்ட கால்வாய் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு காரணம்.

அந்தக் காரணத்தைத் தெருவாரியாகக் கண்டுபிடிக்க உதாரணங்களைப் பார்த்துக் கணினியே கற்றுக்கொள்ளும் இயந்திரக் கற்றலை, அதாவது மெஷின் லேர்னிங்கை, எப்படிப் பயன்படுத்துவது என்று இங்கே சொல்கிறேன். கல்லூரி மாணவர்கள், வார்டில் வேலை செய்யும் தன்னார்வலர்கள், இளம் பொறியாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். பைதான் என்ற கணினி மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும், தெரியாவிட்டாலும் பாதி வேலை நடந்துபோய்ச் செய்வதுதான்.

வெறும் கணிப்பு எதற்கும் உதவாது என்பது என் தீர்மானமான கருத்து. "உங்கள் தெருவுக்கு அபாயம் 78 சதவீதம்" என்று ஒரு சிவப்பு வரைபடத்தை நீட்டினால் அங்கே குடியிருப்பவர் என்ன செய்வார்? "உங்கள் தெரு பள்ளம் என்பதைவிட, கீழே உள்ள சிறுபாலத்தின் வாய் குறுகல் என்பதுதான் பெரிய காரணம்" என்று சொன்னால் அவர் அந்தச் சிறுபாலத்தைப் போய்ப் பார்ப்பார். தப்பாக இருந்தால் "இல்லைங்க, அந்தப் பாலத்துல எப்பவும் தண்ணி தாராளமாப் போகும்" என்று நம்மைத் திருத்துவார். அவர் திருத்துவதற்கு இடம் கொடுக்கும் கணிப்பைத்தான் காரணம் சொல்லும் கணிப்பு என்கிறேன்.

கேள்வியைச் சுருக்குங்கள்

"வேலூரின் வெள்ள அபாயம்" என்று ஆரம்பித்தால் எங்கேயும் போய்ச் சேர மாட்டீர்கள். மாநகராட்சியில் 60 வார்டுகள். உங்களுக்குத் தெரிந்த நாலைந்து வார்டுகளை எடுத்துக்கொண்டு கேள்வியை இப்படி வையுங்கள்: ஒரு மழையில் இந்தத் தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் 3 மணி நேரத்துக்கு மேல் நிற்குமா? ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி. தெருவில் யாரைக் கேட்டாலும் நினைவிலிருந்து பதில் வரும்.

இதில் இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே பிரித்து வையுங்கள். தண்ணீர் வருவது ஒன்று, அதில் யார் சிக்குகிறார்கள் என்பது இன்னொன்று, அவர்கள் வீடு தாங்குமா என்பது மூன்றாவது. 2021 நவம்பர் 19 அதிகாலை பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. தண்ணீரின் ஆழத்தை மட்டும் கணக்கிட்டிருந்தால் அந்த வீடு எந்த வரைபடத்திலும் சிவப்பாக வந்திருக்காது. சுவர் மண்ணா செங்கல்லா, கூரை என்ன, வயதானவர்கள் இருக்கிறார்களா என்பதை அட்டவணையில் தனிப் பத்திகளாக, அதாவது மேலிருந்து கீழே ஓடும் நெடுவரிசைகளாக, எழுதி வையுங்கள். தண்ணீர்க் கணிப்போடு கலக்க வேண்டாம், கடைசியில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் தெருவில் நடங்கள்

இயந்திரம் கற்றுக்கொள்ள அதற்கு உதாரணம் வேண்டும். எங்கே தண்ணீர் நின்றது, எங்கே நிற்கவில்லை என்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இந்தப் பட்டியலைச் செயற்கைக்கோளிலிருந்து எடுத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். சென்டினல்-1 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் ரேடார் மூலம் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும், படங்கள் இலவசம். பாலாற்றுப் படுகை, ஏரி, வயல் ஆகியவற்றுக்கு அது அருமையான கருவி. ஊருக்குள் அது தடுமாறும். வீட்டுச் சுவரும் தெருத் தண்ணீரும் சேர்ந்து ரேடார் அலையைத் திருப்பி அடிப்பதால் தண்ணீர் இருக்கும் இடம் கருப்பாகத் தெரியாமல் பளிச்சென்று தெரியும். மேலும் அதே பாதையில் அது திரும்பி வர 12 நாள் ஆகும். நம் தெருத் தண்ணீர் 12 மணி நேரம்கூட நிற்பதில்லை.

அதனால் நடந்துதான் ஆக வேண்டும். ஒரு டேப், சாக்பீஸ், கைப்பேசி போதும். என்ன பார்க்க வேண்டும் என்றால்: வெள்ளையடித்த சுவரில் கீழே ஒரு பழுப்புக் கோடு ஓடும். வீட்டுக்காரர் சுவரைப் புதுப்பித்திருந்தால் பக்கத்து காலி மனையின் காம்பவுண்டில் பாருங்கள். கோடு இல்லாவிட்டாலும் வேறு தடயம் இருக்கும். ஒரு தெருவில் எல்லா வீட்டுக்கும் வாசலில் மூன்று படி புதிதாகக் கட்டியிருந்தார்கள், எதிர்த் தெருவில் ஒரு வீட்டிலும் இல்லை. இன்னொரு தெருவில் மளிகைக் கடையில் அரிசி மூட்டைகள் எல்லாம் ஹாலோபிளாக் கல் அடுக்கி அதன் மேல் இருந்தன. மோட்டாரை இடுப்பளவு உயரத்தில் மேடை கட்டி வைத்த வீடுகள், கதவின் கீழே ஒரு சாண் ஊறிப் பிளந்த பிளைவுட். இதெல்லாம் அந்தத் தெரு எழுதி வைத்த கணக்கு.

ஒவ்வொரு இடத்திலும் நாலு கேள்வி கேளுங்கள். எந்த மழையில் வந்தது, எவ்வளவு உயரம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எவ்வளவு நேரத்தில் வடிந்தது. "எந்தப் பக்கத்திலிருந்து" என்பதை மறக்கவே வேண்டாம். தெருவிலிருந்து வாசல் வழியாக வந்ததா, சாக்கடையிலிருந்து எதிர்த்துக்கொண்டு வந்ததா, பின்பக்கக் கால்வாயிலிருந்தா என்பதில்தான் காரணம் ஒளிந்திருக்கிறது.

தண்ணீர் நிற்காத தெருக்களையும் அதே அக்கறையோடு எழுதுங்கள். "இங்க ஒருநாளும் வந்ததில்லை" என்ற பதில் நமக்குத் தங்கம். தகவல் இல்லாத இடத்தைத் தண்ணீர் வராத இடம் என்று எடுத்துக்கொள்வது இந்த வேலையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. யாரும் போய்க் கேட்காத தெருவை எல்லாம் பத்திரமான தெரு என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவோம்.

தேதியில் ஒரு சிக்கல் வரும். வானிலை ஆய்வு மையத்தின் மழை நாள் காலை 8.30-க்கு முடிகிறது. 19-ம் தேதி என்று பதிவான மழையில் 18-ம் தேதி காலை 8.30-க்குப் பிறகு பெய்தது எல்லாம் அடங்கும். ஜனங்கள் "18-ம் தேதி மதியம் பெஞ்சது" என்று சொல்வதை 18-ம் தேதி அளவோடு சேர்த்துவிட்டால் கணக்கே குழம்பும்.

காரணமாக இருக்கக்கூடியவை: பத்திகளைச் சேர்ப்பது

இப்போது அட்டவணை போடுவோம். கடைசிப் பத்தியில் தண்ணீர் நின்றதா என்ற பதில். முன்னால் உள்ள பத்திகளில் அதற்குக் காரணமாக இருக்கக்கூடியவை. கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் இவற்றைக் கணக்கிடலாம்.

தரை உயரம் முதலில் வேண்டும். அதைக் கட்டம் கட்டமாகத் தரும் தரவுக்கு டெம் என்று பெயர். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடம் எடுத்த எஸ்ஆர்டிஎம், ஐரோப்பியர்களின் கோப்பர்நிக்கஸ் டெம், இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் கார்ட்டோசாட் டெம் ஆகிய மூன்றும் சுமார் 30 மீட்டர் கட்டங்களில் கிடைக்கின்றன. ஆனால் இவை மேலிருந்து பார்த்து எடுத்தவை. நம் வேலூர் சைதாப்பேட்டை மாதிரி வீட்டோடு வீடு ஒட்டிய இடத்தில் மொட்டை மாடியைத்தான் தரை என்று எண்ணிக்கொள்ளும். கட்டடத்தையும் மரத்தையும் கழித்துத் திருத்திய ஃபேப்டெம் என்ற தரவு இருக்கிறது, வணிகம் அல்லாத வேலைக்கு இலவசம். அதிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. அப்போதும் அரை அடி மேடு பள்ளம் அதில் தெரியாது, நம் தெருவில் தீர்மானிப்பதோ அந்த அரை அடி. முடிந்தால் சிவில் படிக்கும் மாணவர்களிடம் சொல்லி ஆட்டோ லெவல் என்ற உயரம் அளக்கும் கருவி வைத்து முக்கியமான தெருக்களை அளந்துவிடுங்கள்.

வெறும் உயரம் பெரிதாக உதவாது. பக்கத்துக் கால்வாயைவிட எத்தனை மீட்டர் மேலே இருக்கிறோம் என்பதே கேள்வி. இதை ஹேண்ட் என்பார்கள். கூடவே ஈரக் குறியீடு ஒன்று உண்டு. பெவன், கிர்க்பி இருவரும் 1979-ல் சொன்னது. மேலேயிருந்து எவ்வளவு பரப்பின் தண்ணீர் இந்த இடத்துக்கு வடிகிறது, இங்கே சரிவு எவ்வளவு என்ற இரண்டையும் சேர்த்த எண். நிறைய தண்ணீர் வந்து, சரிவும் இல்லாவிட்டால் எண் பெரிதாகும்.

அடுத்து சிமென்ட்டும் தாரும் மூடிய பரப்பு. சென்டினல்-2 படங்களிலிருந்தோ ஐரோப்பிய விண்வெளி முகமையின் 10 மீட்டர் நிலப்பயன்பாட்டு வரைபடத்திலிருந்தோ எடுக்கலாம். வேலூரில் இதோடு மலையையும் சேர்க்க வேண்டும். நம்மைச் சுற்றி நிற்பது பாறை, மழை உள்ளே இறங்காது. சத்துவாச்சாரிப் பக்கம் மலையில் கொட்டும் மழை சீக்கிரமே அடிவாரத்துக்கு வந்துவிடும். மேட்டுப் பகுதியில் பாறை எத்தனை பங்கு என்பதற்கு ஒரு பத்தி போடுங்கள்.

அதே சத்துவாச்சாரியில் இன்னொன்றும் இருக்கிறது. மலை ஒரு பக்கம், பாலாறு மறு பக்கம், நடுவில் சென்னை பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை. மலைத் தண்ணீர் ஆற்றுக்குப் போக வேண்டுமானால் நெடுஞ்சாலைக்கு அடியில் உள்ள சிறுபாலங்கள் வழியாகத்தான் போக வேண்டும். சாலையின் மண்மேடு ஒரு அணை மாதிரி. ஆகவே அருகில் உள்ள சிறுபாலம் எவ்வளவு தூரம், அதன் கண், அதாவது தண்ணீர் போகும் திறப்பு, எத்தனை அடி அகலம் என்பது ஒரு முக்கியமான பத்தி. இதை எந்தச் செயற்கைக்கோளும் தராது, டேப்பை எடுத்துக்கொண்டு போய்த்தான் அளக்க வேண்டும். காட்பாடிப் பக்கம் ரயில் பாதைக்கும் இதே கதைதான்.

ஏரிகளைத் தனியாகக் கவனியுங்கள். சதுப்பேரி, ஓட்டேரி, தொரப்பாடி, கழிஞ்சூர் என்று நம் ஊரைச் சுற்றி ஏரிகள். ஓர் ஏரி நிரம்பி உபரி அடுத்த ஏரிக்குப் போகும்படி முன்னோர்கள் செய்த ஏற்பாடு இந்தப் பக்கமெல்லாம் உண்டு. ஏரி எங்கே, உபரி வழிந்து வெளியேறும் கலங்கல் எங்கே, உபரிக் கால்வாய் எந்த வழி என்று வரைந்துகொள்ளுங்கள். கால்வாய் இன்றைக்குக் கண்ணில் படாவிட்டாலும் பழைய நில அளவை வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கு என்று கோடு இருக்கும். தாலுகா அலுவலகத்தில் எஃப்எம்பி என்ற புல வரைபடத்தைக் கேட்டு வாங்கி அதன் மேல் இன்றைய தெருவை வைத்துப் பாருங்கள். ஒருமுறை அப்படி வைத்துப் பார்த்தபோது, வருஷா வருஷம் தண்ணீர் நிற்கும் ஏழு வீடுகளும் ஒரே கோட்டில் வரிசையாக அமர்ந்திருந்தன.

மழையைச் சேர்ப்பதில் ஒரு பொறி உண்டு. செயற்கைக்கோள் மழைத் தரவின் ஒரு கட்டம் கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர். வேலூர் நகரமே ஒன்றிரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடும். சராசரி மழை என்று ஒரு பத்தி போட்டால் எல்லாத் தெருவுக்கும் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும். அதனால் அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஒரு தெரு என்று இருக்கக் கூடாது, ஒரு தெருவும் ஒரு மழையும் சேர்ந்தது என்று இருக்க வேண்டும். அதே தெரு 2020 நவம்பர் நிவர் புயலில் ஒரு வரி, 2021 நவம்பரில் ஒரு வரி, ஆகஸ்ட் மாதத்து இரவு இடிமழையில் ஒரு வரி. அப்போது மழைக்கு மூன்று எண் கொடுங்கள்: 24 மணி நேரத்தில் மொத்தம், அதில் கடுமையான ஒரு மணி நேரத்தில் எவ்வளவு, முந்தைய ஏழு நாளில் எவ்வளவு. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.4-க்கு மேல் அதிகனமழை என்பது வானிலைத் துறையின் வகைப்பாடு. ஆனால் 60 மி.மீ. ராத்திரி ரெண்டு மணி நேரத்தில் கொட்டினால் கனமழைப் பட்டியலில் வராமலேயே தெரு நிரம்பிவிடும்.

இயந்திரத்துக்குப் பாடம்

இங்கே நீங்கள் நினைப்பதைவிட வேலை குறைவு. முதலில் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்ற எளிய முறையைப் போட்டுப் பாருங்கள். பிறகு ரேண்டம் ஃபாரஸ்ட் அல்லது எக்ஸ்ஜிபூஸ்ட். இரண்டும் ஆம், இல்லை என்று கிளை பிரியும் கேள்வி மரங்களை நூற்றுக்கணக்கில் கட்டி, அவற்றின் பதில்களைச் சேர்த்து முடிவு சொல்பவை. எளிய முறைக்கும் இவற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் எளிய முறையோடு நில்லுங்கள். அதன் காரணத்தை நேரடியாகவே படிக்கலாம். ஈபிஎம் என்ற முறையும் உண்டு, ஒவ்வொரு காரணத்துக்கும் தனித்தனி வளைகோடு வரைந்து காட்டும். சிறிய அட்டவணைக்கு எனக்கு அது பிடிக்கும்.

எக்ஸ்ஜிபூஸ்டில் ஒரு வசதி இருக்கிறது: ஒரு பத்தி கூடினால் அபாயம் கூடத்தான் வேண்டும், குறையக் கூடாது என்று கட்டளை போடலாம். மழைக்கு அதைப் போட்டுவிடுங்கள். குறைந்த தரவில் "120 மி.மீ. மழையைவிட 90 மி.மீ. ஆபத்து" என்று அது உளறுவதைத் தடுக்கும்.

சோதிப்பதில் இரண்டு இடங்களில் ஏமாறுவோம். 100 வரியில் 5-ல்தான் தண்ணீர் நின்றது என்றால் "எங்கேயும் நிற்காது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் 95 சதவீதம் சரி. எனவே மொத்தச் சரியைப் பார்க்காதீர்கள். நிஜமாகத் தண்ணீர் நின்ற இடங்களில் எத்தனையைப் பிடித்தது, அது கை காட்டிய இடங்களில் எத்தனை நிஜம் என்ற இரண்டையும் பாருங்கள். அடுத்த ஏமாற்றம்: வரிகளைக் கலைத்துப் போட்டுப் பாதியில் கற்பித்து மீதியில் சோதித்தால், மூணாவது வீட்டில் கற்றதை நாலாவது வீட்டில் ஒப்பித்துப் பாஸ் வாங்கிவிடும். ஒரு வார்டு முழுவதையும் மறைத்து வைத்துச் சோதியுங்கள். பிறகு ஒரு மழை முழுவதையும் மறைத்து வைத்துச் சோதியுங்கள். மதிப்பெண் சரியும். சரிந்த எண்தான் உண்மை எண், அதை வெளியில் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

ஏன் என்று கேட்பது

இனிதான் நமக்கு வேண்டிய இடம். லாயிட் ஷாப்லி என்ற கணித அறிஞர் 1953-ல் ஒரு கேள்வியைத் தீர்த்தார்: பலர் சேர்ந்து சம்பாதித்ததை நியாயமாக எப்படிப் பங்கு போடுவது? 2012-ல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. 2017-ல் லுண்ட்பெர்க், லீ இருவரும் அந்தப் பங்குமுறையை இயந்திரக் கணிப்புக்குப் பொருத்தி ஷாப் என்ற முறையைக் கொடுத்தார்கள். பைதானில் அதே பெயரில் இலவசமாக இருக்கிறது.

கையால் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், பயம் போய்விடும். எண்கள் உதாரணத்துக்கு. எதுவும் தெரியாதபோது ஒரு தெருவின் அபாயம் நூற்றுக்கு 20. பள்ளம் என்று மட்டும் தெரிந்தால் 30. கால்வாய் அடைப்பு என்று மட்டும் தெரிந்தால் 24. இரண்டும் தெரிந்தால் 60. கூடிய 40-ல் யார் பங்கு எவ்வளவு? பள்ளம் முதலில் வந்தால் அது சேர்த்தது 10. அடைப்புக்குப் பிறகு வந்தால் 24-ஐ 60 ஆக்கியது, அதாவது 36. இரண்டின் சராசரி 23. அடைப்பு முதலில் வந்தால் 4, பிறகு வந்தால் 30, சராசரி 17. 23-ம் 17-ம் சேர்ந்து 40. பத்துக் காரணம் இருந்தாலும் இதே கணக்குத்தான், வருகிற வரிசைகள் மட்டும் ஏராளம். அதைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு மழைக்கும் இந்தப் பங்கீடு கிடைக்கும். கூட்டுவது எது, குறைப்பது எது என்று பட்டைகளாக வரைந்து காட்டும். எக்ஸ்ஜிபூஸ்டுக்கு இந்த எண்கள் நேரடிச் சதவீதமாக வராது, லாக் ஆட்ஸ் என்ற அளவில் வரும், அதாவது நிற்கும் வாய்ப்பை நிற்காத வாய்ப்பால் வகுத்து மடக்கை எடுத்த எண். அதைச் சதவீதம் என்று எடுத்துப் பேசிவிடாதீர்கள்.

எங்கள் முதல் அட்டவணையில் ஷாப் போட்டபோது எல்லாவற்றுக்கும் மேலே நின்றது "பிரதான சாலைக்கு உள்ள தூரம்". சாலைக்கு அருகில் இருந்தால் வெள்ளம். கேட்க நன்றாகத்தான் இருந்தது, சாலை உயர்ந்துவிட்டது, பக்கத்து வீடு தாழ்ந்துவிட்டது என்று விளக்கமும் சொல்லிக்கொண்டோம். பிறகுதான் உறைத்தது: நாங்கள் சேர்த்த பட்டியலில் பாதி, செய்திப் படங்களிலிருந்து எடுத்தது. படம் எடுப்பவர் வண்டி போகும் இடத்தில்தான் எடுப்பார். வெள்ளம் எங்கே வரும் என்பதை இயந்திரம் கற்கவில்லை, கேமரா எங்கே வரும் என்பதைக் கற்றிருந்தது. மறுபடி உள்தெருக்களில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நடந்தோம். அந்தப் பத்தி கீழே இறங்கிவிட்டது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் அந்தத் தப்பு கடைசி வரை தெரிந்திருக்காது.

இன்னொரு தெரு. இயந்திரம் அபாயம் குறைவு என்றது. ஷாப் பட்டையில் உயரம் பலமாகக் கீழே இழுத்திருந்தது, பக்கத்துக் கால்வாயைவிட நல்ல மேடு. ஆனால் தெருவில் எல்லா வாசலிலும் படி. திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆயாவிடம் கேட்டேன், மழை பெய்தால் இங்கே தண்ணி நிற்குமா என்று.

"மழ பெய்யறப்ப ஒண்ணும் ஆவாது கண்ணு. மழ வுட்டுடும், வெயிலுகூட அடிக்கும். அதுக்கப்புறந்தான் வரும். ஏரி கோடி போனாத்தான் எங்க வூட்ல தண்ணி."

கோடி போவது என்றால் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிவது. எங்கள் அட்டவணையில் ஏரிக்கு உள்ள தூரம் இருந்தது. ஏரி நிரம்பியிருந்ததா என்ற பத்தி இல்லை. உபரிக் கால்வாய் வழியாக அளந்த தூரமும் இல்லை, காக்காய் பறக்கிற தூரம்தான் இருந்தது. கலங்கலிலிருந்து கால்வாயோடு நடந்து வந்தோம். ஒரு வளைவில் கால்வாய் தெருவுக்குள் திரும்பி, மூடிய காங்கிரீட் குழாய்க்குள் போனது. குழாயின் வாயில் தேங்காய் மட்டையும் ஒரு கிழிந்த மெத்தையும். ஒவ்வொரு மழைக்கும் முன்னால் ஏரியில் எவ்வளவு பரப்பில் தண்ணீர் இருந்தது என்பதைச் சென்டினல் படங்களிலிருந்து எடுத்து ஒரு பத்தி சேர்த்தோம். ஏரி, வயல் அளவுக்குச் செயற்கைக்கோள் கைகொடுக்கும் என்று சொன்னேன் அல்லவா, அது இங்கே பயன்பட்டது. அதன் பிறகு இயந்திரம் அந்தத் தெருவைச் சரியாகக் கை காட்டியது. ஷாப் படத்தில் ஏரிப் பரப்பும் மழையும் சேர்ந்து வேலை செய்வது தெரிந்தது: ஏரி காலியாக இருந்தால் பெரிய மழையும் ஒன்றும் செய்யவில்லை, ஏரி நிரம்பியிருந்தால் சாதாரண மழையே போதுமாக இருந்தது. ஆயா சொன்னதைத்தான் அது படமாகச் சொன்னது.

ஷாப்பைக் கையாளும்போது மனதில் வைக்க வேண்டியவை சில. அது இயந்திரத்தின் காரணத்தைச் சொல்கிறதே தவிர இயற்கையின் காரணத்தைச் சொல்வதில்லை. கால்வாயைத் தூர் வாரினால் இத்தனை பங்கு குறையும் என்று அந்த எண்ணை வைத்து வாக்குக் கொடுக்க முடியாது. உயரம், ஹேண்ட், ஈரக் குறியீடு மூன்றும் ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள். பங்கு மூன்றுக்கும் பிரிந்துபோய் ஒவ்வொன்றும் சின்னதாகத் தெரியும், கூட்டி "நில அமைப்பு" என்று ஒரே பட்டையாகக் காட்டுங்கள். தரவை வேறுமாதிரிப் பிரித்து அஞ்சாறு தடவை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் முதல் காரணம் மாறிக்கொண்டே இருந்தால் வெளியில் சொல்லும் அளவுக்கு இன்னும் பழுக்கவில்லை என்று அர்த்தம்.

தெருவுக்குத் திருப்பிக் கொடுப்பது

பட்டைப் படத்தை அப்படியே நீட்டாதீர்கள். தெருவுக்கு நாலு வரி தமிழில் எழுதுங்கள். இப்படி: "இந்தத் தெருவில் தண்ணீர் நிற்க வாய்ப்பு அதிகம். முதல் காரணம், மேலே உள்ள ஏரி நிரம்பியிருப்பது. இரண்டாவது, உபரிக் கால்வாய் குழாய்க்குள் நுழையும் இடம் குறுகல். தெரு மேட்டில் இருப்பதால் மழைத் தண்ணீர் மட்டும் என்றால் வடிந்துவிடும். ஏரி கோடி போகிற செய்தி வந்தால் மழை விட்டிருந்தாலும் கவனமாக இருக்கவும்." கவுன்சிலருக்கும் உதவிப் பொறியாளருக்கும் இதே தாளோடு குழாய் வாயின் புகைப்படத்தையும் இணைத்துக் கொடுங்கள். எந்த இடத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று அதில் இருக்கும்.

வீடு வீடாக அபாய எண் போட்ட வரைபடத்தைப் பொதுவில் போடாதீர்கள். வாடகைக்கு விடுகிறவர், வீட்டை விற்க இருக்கிறவர், ஓடையோரத்தில் பட்டா இல்லாமல் முப்பது வருஷமாகக் குடியிருப்பவர் எல்லோர் மேலும் அது விழும். தெரு அளவோடு நிறுத்தி, முதலில் அந்தத் தெருக்காரர்களிடம் காட்டுங்கள். வாசலில் நாலு நாற்காலி போட்டுப் படித்துக் காட்டினால் அரை மணி நேரத்தில் மூன்று திருத்தமாவது வரும். அவற்றை அன்றைக்கே அட்டவணையில் ஏற்றுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பர் கடைசிக்குள் சிறுபாலக் கண்களை ஒருமுறை போய் அளந்து அடைப்பைக் குறித்துக்கொள்ளுங்கள், போன வருஷத்து அளவு இந்த வருஷத்துக்கு ஆகாது. ஒவ்வொரு பெரிய மழைக்கும் மறுநாள் காலை ஏழு மணிக்கு முன்னால் தெருவில் இருங்கள். அதற்கு மேல் போனால் வாசல் கழுவிவிடுவார்கள், சுவரில் ஈரக் கோடு காய்ந்துவிடும். சாக்பீஸால் கோட்டின் மேல் ஒரு குறி, டேப்பால் தரையிலிருந்து உயரம், கைப்பேசியில் இடத்தோடு ஒரு படம், வீட்டுக்காரரிடம் வந்த நேரமும் வடிந்த நேரமும். பிறகு வீட்டுக்கு வந்து, மழைக்கு முந்தின நாள் இயந்திரம் அந்தத் தெருவுக்கு என்ன சொல்லியிருந்தது என்று பாருங்கள்.